‘மனை விலைக்கே வீடு’ என்னும் விளம்பர வரியைப் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரங்களில், புதுச்சேரியிலும் கடலூரிலும் விற்பனைக்கு வரும் பழைய வீடுகளைக் குறித்து வாரம் தவறாமல் ஒரு வரி வெளிவருகிறது: ‘பழைய வீடு, மனை விலைக்கே’. கட்டடப் பணி மேற்பார்வையாளராக முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வரியை நம்பி முன்பணம் கொடுக்க நாள் குறித்துவிட்ட ஒரு பெண்ணுக்குத் தாய்மாமனும் ஆவேன். ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. இந்த வரியைப் படிக்கும் வாங்குபவர், மனைக்குப் பணம் கொடுத்தால் வீடு சும்மா கிடைக்கிறது என்று எண்ணிக்கொள்கிறார். விற்பவரோ, தம் வீட்டுக்கு விலையே இல்லை என்று நம்பவைக்கப்படுகிறார். இரண்டும் தவறு. பழைய வீட்டுக்கு எப்போதும் ஒரு விலை உண்டு. அது மனை விலையோடு கூட்ட வேண்டிய தொகையாகவும் இருக்கலாம், மனை விலையிலிருந்து கழிக்க வேண்டிய தொகையாகவும் இருக்கலாம். கூட்டவும் கழிக்கவும் எதுவுமே இல்லாத வீட்டை என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மதிப்பீட்டாளர்கள் மனையைத் தனியாகவும் கட்டடத்தைத் தனியாகவும் கணக்கிடுகிறார்கள். கட்டடத்துக்கு அறுபது ஆண்டுகளை ஒட்டி ஓர் ஆயுளை வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு இவ்வளவு என்று தேய்மானத்தைக் கழித்து வருவார்கள். ஆயுள் முடிந்த கட்டடத்துக்கு மிஞ்சுவது இடிபொருள் மதிப்பு என்ற பெயரில் ஏறக்குறையப் பத்து சதவீதம் மட்டுமே. இந்தக் கணக்கின்படி, ஆண்டுதோறும் தளத்தைப் பராமரித்து உறுதியாக நிற்கும் நூற்றாண்டு வீடும், நாளை மழையில் விழப்போகும் நூற்றாண்டு வீடும் ஒன்றுதான். காகிதத்தில் எழுதும் வசதிக்காக வந்த இந்தச் சுருக்கம் தரகர்களின் வாய்க்குப் போய், அங்கிருந்து விளம்பரத்துக்கு வந்துவிட்டது.

ஃபெஞ்சல் புயலுக்கு அடுத்த தை மாதத்தில், என் தங்கை மகள் தொலைபேசியில் அழைத்து, “மாமா, புதுவையில் ஒரு வீடு பேசி முடித்துவிட்டோம், மனை விலைக்கே தருகிறார்கள், ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்” என்றாள். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கும் வரிசை வீடு அது. முகப்பில் திண்ணையும் மரத்தூண்களும், உள்ளே முற்றமும் அதைச் சுற்றித் தாழ்வாரமும், பின்னால் கொல்லையில் கிணறும் இருந்தன. பார்த்ததும் யாருக்கும் பிடித்துவிடும் வீடு, எனக்கும் பிடித்தது. ஆனால் வாசலில் கால் வைத்ததுமே புதுப் பெயின்ட் வாசனை வந்தது. கூடத்தில் பளிச்சென்று புதிய ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தார்கள். பெருமழைக்குப் பிறகு இரண்டே மாதத்தில், விற்கப்போகும் வீட்டுக்கு ஏன் இவ்வளவு செலவு செய்தார்கள் என்று கேட்டேன். “வீடு பார்க்க அழகாக இருக்க வேண்டும் அல்லவா” என்று தரகர் சொன்னார்.

ஒரே ஒரு பலகையைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்டேன். அரைமணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு சம்மதித்தார்கள். மேலே இருந்தது மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லப்படும் கட்டைத் தளம். இளைய வாசகர்களுக்காக அதன் அமைப்பைச் சொல்கிறேன். சுவரிலிருந்து உத்திரத்துக்கு நெருக்க நெருக்கமாக மரக்கட்டைகளைப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாக்கில் சாய்வரிசையாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனத்த அடுக்கைப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைத் தெளித்துத் தெளித்துப் பல நாள் கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு என்னும் தட்டையான ஓடுகளைப் பதிப்பார்கள். முறையாகச் செய்து முறையாகப் பராமரித்த தளம் நூறு ஆண்டுகளுக்கு மேலும் நிற்கும். அது கெடத் தொடங்கும் இடம் அநேகமாக ஒன்றுதான்: கட்டையின் முனை சுவருக்குள் நுழையும் இடம். மேலே தட்டோட்டின் இணைப்பு விட்டுப்போனாலோ, மழைநீர்க் குழாயின் வாய் அடைபட்டாலோ, நீர் சுவரோரமாக இறங்கி அந்த முனையில் தேங்கும். கட்டையின் நடுப்பகுதி வைரம்போல் இருக்க, முனை மட்டும் உள்ளுக்குள் இற்றுப்போகும். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. நான் கொண்டுபோயிருந்த ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தியபோது, வரிசையாக ஏழு கட்டைகளின் முனைகளில் அது பிடிவரை இறங்கியது. என் தங்கை மகளின் முகத்தை அப்போது பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

கடற்கரைச் சாலையில் நகராட்சி இயங்கிய, பிரெஞ்சில் நகர்மன்றம் என்று பொருள்படும் ‘மேரி’ கட்டடம் 2014 நவம்பரில் மழையின்போது இடிந்து விழுந்ததைப் புதுச்சேரி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு அது பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டப்பட்டது. அரசுக் கட்டடத்துக்கே அந்த நிலை வரும்போது, ஒரு நடுத்தரக் குடும்பம் குழந்தைகளோடு படுத்துறங்கப் போகும் கூடத்தின் தளத்தைப் பலகை போட்டு மறைத்து விற்பதை என்னால் சாதாரண வியாபாரத் தந்திரமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் மூவரை அழைத்து மதிப்புக் கேட்டோம். பாதித் தளத்தை இறக்கி, கட்டை மாற்றி, மீண்டும் போடுவதற்கு மூவருமே பதினான்கு லட்சத்துக்குக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வேலை முடியும்வரை குடும்பம் வெளியே வாடகை கொடுத்துக் குடியிருக்க வேண்டும். ஆகவே, மனை விலைக்குக் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட அந்த வீடு, உண்மையில் மனை விலைக்கு மேல் பதினைந்து லட்சத்துக்கும் அதிகமாக விழுங்கும் வீடு. பேரத்தில் அந்தத் தொகையைக் கழிக்கச் சொன்னோம். “மனை விலையிலேயே குறைக்கச் சொல்கிறீர்களே” என்று விற்பவர் கோபித்துக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்கும் அந்த வரியைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அதே வரி இன்னொரு வீட்டில் நேர்மாறாக வேலை செய்ததையும் சொல்ல வேண்டும். மூன்று தெரு தள்ளி ஒரு பெரியவரின் வீடு விற்பனைக்கு வந்தது. ஆண்டுதோறும் சித்திரையில் தட்டோட்டின் இணைப்புகளைச் சுண்ணாம்பால் அடைத்து, கட்டைகளுக்கு எண்ணெய் பூசி வந்தவர் அவர். வீட்டில் ஒரு கட்டைகூடச் சோடை போகவில்லை. அவர் மனை விலைக்கு மேல் பத்து லட்சம் கேட்டார். பர்மாத் தேக்குத் தூண்களையும் கதவுகளையும் பார்த்தபோது அது நியாயத்துக்கும் குறைவான தொகை என்றே எனக்குத் தோன்றியது. ஆனால் வங்கியின் மதிப்பீட்டாளர் கட்டடத்துக்கு ஏறக்குறைய ஒன்றும் போடவில்லை. 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனில் மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. அந்த மதிப்பே குறைத்து எழுதப்பட்டதால், கையிலிருந்து போட வேண்டிய பணம் என் தங்கை மகளின் சக்திக்கு மீறிப் போய்விட்டது. பெரியவர் நான்கு மாதம் காத்திருந்து, கடைசியில் மனை விலைக்கே வேறொருவருக்கு விற்றார். வாங்கியவர் முதல் வேலையாகத் தூண்களையும் கதவுகளையும் உத்திரங்களையும் பழைய மர வியாபாரியிடம் கொடுத்துவிட்டு வீட்டை இடித்தார். மரத்துக்கு மட்டும் அவருக்குக் கிடைத்த தொகை, பெரியவர் கூடுதலாகக் கேட்ட பத்து லட்சத்தை நெருங்கியதாகப் பின்னர் அறிந்தேன். வைசியாள் வீதியில் மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் முயற்சியால் வீட்டு முகப்புகள் சீரமைக்கப்பட்டதைப் பார்த்து மகிழும் நாம், இரண்டு தெரு தள்ளி இப்படி ஒரு வீடு விலையே இல்லாமல் மறைவதைத் தடுக்க ஒன்றும் செய்யவில்லை.

தளத்துக்கு அடுத்தபடியாகச் சுவரைப் பார்க்க வேண்டும். கடலோர ஊர்களில் தரையிலிருந்து சுவரில் ஓதம், அதாவது ஈரம், ஏறுவதும், அதோடு உப்பு ஏறிப் பூப்பதும் இயல்பு. பழைய சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். அது உதிர்கிறதே என்று அதன் மேல் சிமென்ட் பூசினால், ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். இடுப்புயரத்தில் இருந்த கறை இரண்டு மூன்று ஆண்டுகளில் தோளுயரத்துக்கு வந்துவிடும். ஆகவே தரையிலிருந்து நான்கடி உயரத்துக்கு மட்டும் புதிய சிமென்ட் பூச்சோ, டைல்ஸோ, மரப்பலகையோ இருந்தால், அதன் பின்னால் இருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வீடு பார்க்கச் சிறந்த மாதம் கார்த்திகை, தவறினால் மார்கழி. சித்திரையில் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான்.

வெள்ளத்தைப் பற்றி விற்பவரிடம் கேட்பதைவிட வாசற்படிகளை எண்ணுவது மேல். முன்பு தெருவிலிருந்து மூன்று படி ஏறித் திண்ணைக்குப் போன வீடுகள் பலவற்றில் இன்று ஒரு படிதான் மிஞ்சியிருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த இரவு இந்தத் தெருவில் தண்ணீர் எங்கே நின்றது என்று எதிர்வீட்டுக்காரரிடமும் மூலைக் கடைக்காரரிடமும் கேட்டால் முழங்காலைத் தொட்டுக் காட்டுவார்கள், அல்லது இல்லை என்பார்கள். கடலூரில் கெடிலத்துக்கும் தென்பெண்ணைக்கும் அருகே வீடு பார்ப்பவர்கள் அடுத்த சில நாட்களைப் பற்றியும் கேட்க வேண்டும்; தென்பெண்ணையில் சாத்தனூர் அணையின் தண்ணீர் வந்து சேர்ந்தது மழை நின்ற பிறகுதான்.

பழைய வீடு என்றால் சுண்ணாம்பு வீடு மட்டுமல்ல. மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் 1980களிலும் 90களிலும் கட்டிய கான்கிரீட் வரிசை வீடுகள் இப்போது நிறைய விற்பனைக்கு வருகின்றன. உண்மையில் இவை எனக்கு அதிகக் கவலை தருகின்றன. அன்று உப்புக் கலந்த கிணற்று நீரிலேயே கலவை போட்டவர்கள் உண்டு. கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடும் கனத்தையும் யாரும் அளந்து பார்த்ததில்லை. உப்பு கம்பியை அடைந்ததும் துரு பிடிக்கும். துரு பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். சன்ஷேடின் அடிப்பகுதி, குளியலறைக்கு மேலுள்ள தளம், தண்ணீர்த் தொட்டியின் கீழ், மாடிப்படியின் அடிப்புறம் ஆகிய நான்கு இடங்களிலும் ஒரு கோலால் தட்டிக்கொண்டே போனால் போதும். நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். விட்டுப்போனது பொத்தென்று ஒலிக்கும். கம்பிக்கு இணையாக நேர்கோட்டில் விரிசல் ஓடினால் அது பூச்சு விரிசல் அல்ல. முப்பது வயதான வீடு நூறு வயதான வீட்டைவிட இளையது என்பதால் உறுதியானது என்று நினைத்துவிடக்கூடாது.

மனையின் விலைக்கு வருகிறேன். சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லும்போது, எத்தனை சதுர அடி என்பதிலேயே பிழை நுழைகிறது. புதுச்சேரிப் பகுதியில் ஒரு குழி என்பது 576 சதுர அடி. எல்லையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் வந்தால் ஒரு குழி 144 சதுர அடிதான். இரு ஊர்களிலும் நிலம் வாங்கும் குடும்பங்களில் இதனால் நேர்ந்த மனத்தாங்கல்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்தது திண்ணையும் தெருத் தாழ்வாரமும். சில வீடுகளில் அவை நிற்கும் இடம் வீட்டுக்காரருடையதல்ல, தெருவினுடையது. அதைச் சேர்த்து அளந்து விலை சொல்கிறார்கள். பக்கச்சுவர் பொதுச்சுவரா, தனிச்சுவரா என்பதையும் பத்திரத்தில் பார்க்க வேண்டும். பொதுச்சுவரானால், உங்கள் தளத்தை இறக்கும்போது அடுத்த வீட்டுக்காரரின் கட்டைகளும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். அவருடைய சம்மதமும் உங்கள் செலவுக் கணக்கில் ஒரு பகுதி. கடலூரில் கோயில்களை ஒட்டிய தெருக்களில் அடிமனை கோயிலுக்கும் மேற்கட்டடம் குடியிருப்பவருக்கும் சொந்தமாக இருக்கும் வீடுகள் உண்டு. அத்தகைய வீட்டுக்கு ‘மனை விலை’ என்ற பேச்சே பொருந்தாது.

புதுச்சேரிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பங்குதாரர்களில் பாதிப் பேர் பிரான்சில் இருப்பார்கள். மூலப் பத்திரம் பிரெஞ்சு மொழியில் நொத்தேர் என்னும் பத்திர அலுவலர் எழுதியதாக இருக்கும். பிரெஞ்சுக் கால நில அளவைப் பதிவான கடஸ்தரின் எண்ணும் இன்றைய சர்வே எண்ணும் வேறு வேறாக இருக்கும். தெரிந்தவர்களிடம் கொடுத்துப் படிக்கச் செய்தால் இவை தீரக்கூடியவையே. ஆனால் விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவரானால், 50 லட்சமும் அதற்கு மேலும் போகும் சொத்துக்கு வாங்குபவர் பிடிக்கும் 1 சதவீத வரி அவருக்குப் பொருந்தாது. வேறு பிரிவின்கீழ் அதைவிட மிக அதிகமாகப் பிடித்துக் கட்ட வேண்டும். அப்படிப் பிடிக்கத் தவறினால் பொறுப்பு வாங்கியவருடையது. விலை பேசும் முதல் நாளே இதைப் பேசிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

சொல்லும் விலை நியாயமானதா என்று பார்க்க, தமிழ்நாட்டு எல்லைக்குள் ஒரு நல்ல வழி இருக்கிறது. பதிவுத்துறையின் இணையதளத்தில் அதே தெருவின் அடுத்தடுத்த சர்வே எண்களுக்கு வில்லங்கச் சான்று எடுத்தால், அண்மையில் நடந்த விற்பனைகளில் பத்திரத்தில் எழுதிய தொகை தெரிந்துவிடும். அது உண்மை விலையைவிடக் குறைவாக இருக்கலாம் என்பதை மனத்தில் கொண்டு படித்தாலும், தரகரின் வாய்மொழியைவிடத் திடமான ஆதாரம் அது. வாடகையையும் ஒரு துலாக்கோலாகக் கொள்ளலாம். மாதம் இருபதாயிரம் வாடகை போகக்கூடிய வீட்டுக்கு இரண்டு கோடி கேட்டால், ஆண்டு வாடகை விலையில் ஒன்றேகால் சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அந்த விலை குடியிருப்பவருக்கானதல்ல. விருந்தினர் விடுதி நடத்தலாம் என்று கனவு காண்பவருக்காகச் சொல்லப்பட்டது. ஒயிட் டவுன் எனப்படும் பழைய பிரெஞ்சுப் பகுதியில் தொடங்கிய அந்தக் கனவின் விலை, வாய்க்காலைத் தாண்டி இப்போது தமிழர் பகுதிக்கும் வந்துவிட்டது. குடியிருக்க வீடு தேடும் குடும்பம் அந்த விலையைக் கொடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

இவை எல்லாவற்றையும் ஒரு வரி விளம்பரத்தில் எழுத முடியாது என்பதை அறிவேன். ஆனால் ‘கிழக்கு பார்த்த மனை’ என்பதற்கும் ‘பேருந்து நிலையம் அருகில்’ என்பதற்கும் இடம் இருக்கும் பத்தியில், இன்னும் நான்கு சொற்களுக்கு இடம் இருக்கிறது. பழைய வீட்டு விற்பனை விளம்பரம் கொடுக்க வருபவர்களிடம், தளம் கட்டைத் தளமா கான்கிரீட்டா, கடைசியாக எந்த ஆண்டு தளம் பழுது பார்க்கப்பட்டது, 2024 மழையில் வீட்டுக்குள் நீர் வந்ததா, அளவு எத்தனை சதுர அடி என்ற நான்கு விவரங்களைக் கேட்டு வாங்கி வெளியிடும்படி தங்கள் விளம்பரப் பிரிவுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். விவரம் தர மறுப்பவர்களின் விளம்பரத்தை நிறுத்தச் சொல்லவில்லை; ‘மனை விலைக்கே’ என்ற சொற்களை மட்டும் அவர்களுக்கு அனுமதிக்க வேண்டாம். நல்ல வீட்டை வைத்திருப்பவர்கள் இந்த விவரங்களை மகிழ்ச்சியோடு தருவார்கள். அந்தப் பெரியவரிடம் கேட்டிருந்தால் தட்டோட்டு இணைப்புகளை அடைத்த ஒவ்வோர் ஆண்டையும் சொல்லியிருப்பார். அவரிடம் அதைக் கேட்க யாரும் இல்லை.

என் தங்கை மகள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள். வரும் ஞாயிறு கடலூர் முதுநகரில் ஒரு வீடு பார்க்கப் போகிறோம். அந்த விளம்பரத்திலும் அதே வரிதான் இருக்கிறது. தளம் எந்த வகை என்று தொலைபேசியில் கேட்டதற்கு, “வந்து பார்த்துக்கொள்ளுங்கள்” என்று பதில் வந்தது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கட்டடப் பணி மேற்பார்வையாளர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.